பழைய மார்க்கரா, தனக்கென்று செய்துகொண்ட மார்க்கரா?



பதினாறு வயது மகன், கோடை விடுமுறை முழுவதும் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, எனக்கென்றே ஒரு பெயிண்ட்பால் மார்க்கரைச் செய்துகொள்ளப் போகிறேன்" என்று சொன்னால், நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? அமெரிக்காவில் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் சிலர் இக்கேள்வியை என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். போதகரிடம் கேட்கும் கேள்வியா இது என்று நகைக்க வேண்டாம். பிள்ளையின் முதல் சம்பாத்தியமும் அவன் கண்ணும் இதில் அடங்கியிருக்கின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் மார்க்கர் பழையதாக இருக்கட்டும்; அதுவும் யாரும் கைவைத்துத் திருத்தாத, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே உள்ள பழையதாக இருக்கட்டும். சிலிண்டரும் முகக்கவசமும் மட்டும் புதியவையாக இருக்க வேண்டும். தனக்கென்று உருவாக்கிக்கொள்வது அதற்குப் பிறகு வரவேண்டிய காரியம்.

மார்க்கர் என்ற பெயர், துப்பாக்கி என்ற சொல்லை மறைப்பதற்காகப் பூசிய பூச்சு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்பெயருக்கு உண்மையான காரணம் உண்டு. வெட்டவேண்டிய மரங்களுக்கும், மந்தையிலிருந்து பிரிக்கவேண்டிய மாடுகளுக்கும் தூரத்திலிருந்தே வண்ணக் குறியிடுவதற்காக நெல்சன் பெயிண்ட் நிறுவனம் விற்றுவந்த நெல்ஸ்பாட் 007 என்னும் கருவியே இவ்விளையாட்டின் மூதாதை. 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹெனிக்கர் என்னும் ஊரில், 12 பேர் அக்கருவியை ஏந்திக் காட்டுக்குள் கொடிகளைத் தேடி முதல் ஆட்டத்தை ஆடினார்கள். சார்லஸ் கெய்ன்ஸ், ஹேஸ் நோயல், பாப் கர்ன்சி ஆகிய மூவர் வகுத்த ஆட்டம் அது. வென்றவர் காட்டைத் தம் தொழிலாக அறிந்த ஒருவர். அவர் ஒரு பந்தைக்கூடச் சுடவில்லை. விலையுயர்ந்த மார்க்கர்தான் வேண்டும் என்று வாதாடும் பிள்ளைக்கு இச்செய்தியைச் சொல்லிப் பாருங்கள். அது பெரும்பாலும் பலிப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இனி, "தனக்கென்று செய்துகொள்வது" என்றால் என்ன? உடற்பகுதி, விசைச் சட்டம், ரெகுலேட்டர், பேரல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடி வாங்கி, விரும்பிய நிறத்தில் அனோடைஸ் செய்வித்து, ஒன்றாகக் கோப்பது. இவ்வகையில் புகழ்பெற்றது, பட் ஆர் என்பவர் தம் வோர் கேம் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தின் வழியாகக் கொண்டுவந்த ஆட்டோகாக்கர். அதன் முன்பகுதியில் சிறியதொரு காற்றியந்திரமே குடியிருக்கிறது. விசையைப் பாதி இழுத்தவுடன் சுத்தி விழுந்து பந்து வெளியேறும். இன்னும் இழுத்தால் மூவழி வால்வு திசைமாறி, காற்று உந்துதண்டைத் தள்ளும். பின்கட்டை பின்னுக்கு நகர்ந்து சுத்தியை மறுபடியும் ஏற்றிவைக்கும். அந்த இடைவெளியில் அடுத்த பந்து கீழே விழும். விரலைத் தளர்த்தினால் யாவும் மூடிக்கொள்ளும். இந்த வரிசை ஒரு மயிரிழை பிசகினாலும், பாதி விழுந்த பந்து அறைக்குள்ளேயே நறுக்கப்பட்டு, உள்ளே எங்கும் பிசுபிசுத்த சாயம் படியும். இவ்வரிசையைச் சரிசெய்வதை விளையாட்டினர் டைமிங் என்கிறார்கள். ஒரு சிறிய அறுகோணச் சாவியை வைத்துக்கொண்டு, கால் திருப்பு, அரைக்கால் திருப்பு என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் அமர்ந்து அதைக் கற்றுக்கொள்ளும் வாலிபனை நான் மதிக்கிறேன். அவன் கற்பது இயந்திரவியல் மட்டுமல்ல, பொறுமையும்கூட. ஆகையால் உருவாக்குவதே வீண் என்று நான் எழுதுகிறேன் என எண்ண வேண்டாம்.

ஆனால் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். ஒருமுறையேனும் களத்தில் ஒரு பருவம் ஆடாதவன், தனக்கு எது பொருந்தும் என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பான்? தன் கை சிறியதா, விசைச் சட்டம் அகலமா, மேலே பந்துப் பெட்டியும் பின்னே சிலிண்டரும் ஏறியபின் அந்தக் கனத்தைத் தோள் எவ்வளவு நேரம் தாங்கும், தான் ஓடுகிறவனா அல்லது பதுங்கிக் காத்திருக்கிறவனா என்பதையெல்லாம் அவன் இன்னும் அறியான். அறியாதவன் பிறருடைய ருசியைத் தன் ருசியென்று எண்ணிப் பணம் கொடுக்கிறான். ஒளிப்படத்தில் பளபளத்த ஒன்றை நகலெடுத்துவிட்டு, அதற்குத் "தனித்துவம்" என்று பெயரும் சூட்டுகிறான்.

பணக் கணக்கும் அவனுக்கு எதிராகவே நிற்கிறது. பழைய மார்க்கரை அளவான விலைக்கு வாங்கி, ஓராண்டு ஆடி, பேணி வைத்து மறுபடியும் விற்றால், போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பி வரும். தனக்கென்று செய்துகொண்டதன் கதை அப்படியல்ல. தேர்ந்தெடுத்துப் போட்ட பேரலுக்கும் விசைக்கும் நிறத்துக்கும் அடுத்தவன் தனியாக விலை தரமாட்டான். அவனுக்கு வேறு நிறம் பிடிக்கும். புதிதாக ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற மின்னணு மார்க்கர்களே சில ஆண்டுகளில் மதிப்பை வெகுவாக இழக்கின்றன. அந்த இழப்பை முதல் உரிமையாளர் சுமந்து தீர்த்தபின் வாங்குகிறவனே புத்திசாலி.

சவுலின் சீராவையும் கவசத்தையும் தாவீது கழற்றிவைத்த நிகழ்ச்சியை, "பிறர் பயன்படுத்தியது நமக்கு ஆகாது" என்பதற்கு ஆதாரமாக வாலிபர்கள் என்னிடம் எடுத்துக்காட்டுவதுண்டு. வேதபாடத்தைச் சற்று உன்னித்து வாசிக்கவேண்டும். பழகாதது என்பதே அவன் மறுப்புக்குக் காரணம், பழையது என்பதல்ல. அவன் கவசத்துக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைச் செய்யச்சொல்லிக் கொல்லனிடம் போகவுமில்லை. ஓடையில் கிடந்த கற்களையும், ஆடு மேய்க்கும் நாட்களிலிருந்தே கைக்குப் பழகிய கவணையும் எடுத்துக்கொண்டு போனான்.

ஆகவே எதை வாங்கலாம்? கடினமாக உழைப்பதும், பாகங்கள் எளிதில் கிடைப்பதும், ஒரு மேசையின்மேல் பிரித்துப் பார்க்கக் கூடியதுமான ஒன்றை. டிப்மன் நிறுவனம் 1998-இல் கொண்டுவந்த மாடல் 98-உம் அதன் வழிவந்தவையும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். திருகுகளைக் கழற்றினால் உடல் இரண்டு பாதிகளாகத் திறக்கும். உள்ளே இருப்பதையெல்லாம் ஒரே பார்வையில் காணலாம். ஓ-ரிங் தேய்ந்திருந்தால் சில காசுகளில் மாற்றலாம். பார்ப்பதற்கு அழகில்லை என்பது உண்மைதான்.

விற்பவர் "இதை நானே மேம்படுத்தியிருக்கிறேன்" என்று பெருமையுடன் சொன்னால், அங்கேதான் நீங்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். வெட்டிச் சுருக்கிய ஸ்பிரிங், அளவுக்கு மிஞ்சி அரம்போட்டுத் தேய்த்த சியர், தொட்டாலே விழும்படி இலகுவாக்கிய விசை ஆகியவை, ஒருவர் தமக்கென்று செய்துகொண்டு பின்பு பிறர் தலையில் கட்டும் அபாயங்கள். சியர் தேய்ந்த மார்க்கர், தட்டினாலே சுட்டுவிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பந்தின் விட்டம் 0.68 அங்குலம், எடை சுமார் 3 கிராம். களங்கள் வைத்திருக்கும் வேக வரம்பு பெரும்பாலும் நொடிக்கு 280 முதல் 300 அடிவரை. 300 அடி என்பது ஏறக்குறைய 91 மீட்டர். அவ்வேகத்தில் அந்த ஜெலட்டின் உருண்டை சுமார் 12 ஜூல் ஆற்றலைச் சுமந்து வருகிறது. அதே மார்க்கர் 350 அடியில் சுட்டால் ஆற்றல் மூன்றிலொரு பங்குக்கும் மேல் கூடிவிடும். ஏனெனில் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. உடம்பில் பட்டால் தழும்பு. மூடாத கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கார்பன் டை ஆக்சைடில் ஓடும் மார்க்கருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சிலிண்டருக்குள் அது திரவமாக இருப்பதால், வெயில் ஏற ஏற அழுத்தம் ஏறும். 0 டிகிரி செல்சியஸில் சுமார் 35 மடங்கு வளியழுத்தமாக இருப்பது, 20 டிகிரியில் 57-ஐ எட்டுகிறது. குளிர்ந்த காலையில் சரிபார்த்த வேகம் நண்பகலில் சரியாக இராது. இயன்றவர்கள் அழுத்தக் காற்றுக்கு மாறுவது நல்லது.

இப்பொழுது சிலிண்டர். பழையதைத் தொடவேண்டாம் என்று நான் சொல்வது இதைத்தான். அமெரிக்காவில் இச்சிலிண்டர்களில் பெரும்பாலானவற்றை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்தவேண்டும். கார்பன் நார் சுற்றியவற்றுக்குப் பொதுவாக மொத்த ஆயுளே 15 ஆண்டுகள். தேதி உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். காலாவதியானதை நிரப்ப நேர்மையான கடைக்காரர் மறுத்துவிடுவார். அதைவிடக் கொடிய ஆபத்து வால்வில் இருக்கிறது. யாரோ வால்வைக் கழற்றி, வேறொன்றைப் பொருத்தி, சரியாக இறுக்காமல் விட்டிருந்தால், மார்க்கரிலிருந்து சிலிண்டரைத் திருகிக் கழற்றும்போது வால்வு மார்க்கரோடு தங்கிவிட, சிலிண்டர் மட்டும் வால்விலிருந்து கழன்று பீரங்கிக் குண்டைப்போல் பாயும். இவ்விதமாக உயிர்கள் போனபின், 2004-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பகிரங்கமாக எச்சரித்தது. ஆடாமல் ஓரத்தில் நின்ற ஒருவரும் அதற்குப் பலியாகக் கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள். புதிய சிலிண்டரானாலும், வால்வும் உடலும் சந்திக்குமிடத்தில் நகப்பூச்சால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவையுங்கள். கழற்றும்போது கோட்டின் இரு பாதிகளும் விலகினால், கையை எடுத்துவிட்டு அறிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

முகக்கவசத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கீறல் விழுந்த லென்ஸையும், எந்தத் திரவத்தால் துடைத்தார்கள் என்று தெரியாத லென்ஸையும் நம்பமுடியாது. பெயிண்ட்பாலுக்கென்று தரநிர்ணயம் பெற்றதைப் புதிதாகவே வாங்குங்கள். மார்க்கரில் மிச்சப்படுத்திய பணம் இதற்குத்தான்.

ஓராண்டு கழிந்தபின், பிள்ளை மறுபடியும் "எனக்கென்று ஒன்று" என்று கேட்டால், அப்பொழுது இணங்குங்கள். பேரலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஈரப்பதத்தில் பந்து பருத்துவிடும்; ஆகையால் 0.679 முதல் 0.695 அங்குலம்வரை உள்துளை மாறும் செருகுகுழல்களை விற்கிறார்கள். பந்தைக் குழலில் இட்டால் தானாக உருண்டு வெளியே விழக்கூடாது. வாயால் ஊதினால் வெளியேற வேண்டும். அதுவே பொருத்தத்தின் அளவுகோல். இவ்வளவு கவனிக்கக் கற்றபின், ஆட்டோகாக்கரின் அறுகோணச் சாவியை அவன் கையில் கொடுக்கலாம்.

வாங்கும் நாளில், விற்பவரைக் களத்துக்கே வரச்சொல்லுங்கள். வீட்டு வாசலில் பேரம் முடிக்காதீர்கள். இருவரும் கவசம் அணிந்தபின் குரோனோகிராஃபின் முன் பத்துப் பந்துகளைச் சுடச்செய்து, ஒவ்வொரு வேகத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். எண்கள் 300-ஐத் தாண்டினால், உங்கள் முன்னிலையிலேயே குறைக்கச் சொல்லுங்கள். முதல் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் முப்பது, நாற்பது அடி என்று ஏறி இறங்கினால், காரணம் தெரியும்வரை பணத்தை எடுக்காதீர்கள். அந்தத் தாளை எழுதும் பொறுப்பை உங்கள் மகனிடமே கொடுத்துவிடுங்கள்.