‘செய்ய’ என்பதா, ‘செய்தல்’ என்பதா?

சில வாரங்களுக்கு முன்னர், லுணுகலையை அடுத்துள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தூறலில் நனையாதபடி பொலித்தீன் உறையிற் சுற்றிய தாளொன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். “மகள் எழுதினதுங்க, ஐயா. பதுளையில ஒரு வேலைக்குப் போடப் போகுது. ஒருக்கா பார்த்துத் தாங்க” என்றார்.

முத்து முத்தான கையெழுத்து, தெளிவான ஆங்கிலம். குறை காண இடமின்றி வாசித்து வந்த நான், கடைசி வரியிற் சற்றே தயங்கினேன். ‘ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்றிருந்தது. ‘ஹியர்’ அன்று, ‘ஹியரிங்’ என்றிருத்தல் வேண்டும்.

சிறு பிழைதான். ஆயினும் விண்ணப்பங்களைக் குவியலாக வைத்துக் கழிப்பவரின் கண்ணுக்கு அச்சிறு பிழையே ஒரு காரணமாகிவிடக் கூடும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியாக்கியது. இணைக்கும் மொழியே நம் பிள்ளைகளை வாசலில் நிறுத்தும் மொழியாகிவிடலாகாது. ஆகவே இவ்வாரம் இதனையே எடுத்துக்கொள்வோம்.

ஆங்கிலத்தில் ஒரு வினையையடுத்து மற்றொரு வினை வரும்போது, அது பெரும்பாலும் இரண்டு கோலங்களுள் ஒன்றைப் பூணும். ‘டு கோ’ என்பது போல ‘டு’ பெற்று வருவது இன்ஃபினிட்டிவ். ‘கோயிங்’ என்பது போல ‘இங்’ ஈறு பெற்றுப் பெயராய் நிற்பது ஜெரண்ட். எவ்விடத்தில் எது வரும் என்பதே மாணவரின் தலைவலி.

இத்தலைவலி நமக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு மொழி பேசுவோர் ‘புறப்படுமுன்’ என்பதை ‘அவாங் த பார்த்தீர்’ என்பர். அம்மொழியில் முன்னிடைச்சொல்லையடுத்து வினை வருமாயின், ‘ஆங்’ என்ற ஒரு சொல் நீங்கலாக, பொதுவாக இன்ஃபினிட்டிவே வரும். அப்பழக்கத்தில் ஊறிய பிரெஞ்சு மாணவன் ஆங்கிலத்தில் ‘பிஃபோர் டு லீவ்’ என்று எழுதிவிடுகிறான். ஆங்கிலமோ ‘பிஃபோர் லீவிங்’ என்றே கேட்கும். முன்னிடைச்சொல்லுக்குப் பின் வரும் வினை ‘இங்’ பெறும் என்பது ஆங்கிலத்தின் உறுதியான விதி.

நம் நிலை பிரெஞ்சு மாணவனின் நிலையைவிட நல்லது. ஏனெனில் இவ்விரு கோலங்களும் தமிழில் தெளிவாகவே பிரிந்து நிற்கின்றன. ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தை நன்னூல் நமக்குக் காட்டுகிறது: போக, பறிக்க, எழுத. ‘தல்’, ‘அல்’ முதலிய விகுதி பெறும் தொழிற்பெயர்களையும் நாம் அறிவோம்: போதல், பறித்தல், எழுதல். ‘பறிப்பது’, ‘பறித்தது’ எனக் காலங்காட்டி வருவனவும் பெயர்போல் நின்று வேற்றுமை உருபு ஏற்கும். வினையெச்சத்தை இன்ஃபினிட்டிவுக்கும், தொழிற்பெயரை ஜெரண்டுக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி இருள் விலகும்.

மலையில் நிற்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். ‘கொழுந்து பறிப்பதை நிறுத்தினாள்’ என்றால் கை ஓய்ந்தது. ஆங்கிலத்தில் ‘ஷீ ஸ்டொப்ட் பிளக்கிங்’. ‘கொழுந்து பறிக்க நின்றாள்’ என்றால் நடை ஓய்ந்தது, கை தொடங்கியது. அது ‘ஷீ ஸ்டொப்ட் டு பிளக்’. ஈறு ஒன்று மாற, பொருள் தலைகீழாகிறது.

இவ்வாறே ‘கடிதம் போட மறந்தேன்’ என்றால் கடிதம் இன்னும் பையிலேயே கிடக்கிறது: ‘ஐ ஃபர்கொட் டு போஸ்ட்’. ‘கடிதம் போட்டதை மறந்தேன்’ என்றால் கடிதம் போய்விட்டது, நினைவுதான் இல்லை: ‘ஐ ஃபர்கொட் போஸ்டிங்’. தமிழில் எச்சம் நின்ற இடத்தில் ஆங்கிலத்தில் ‘டு’ நிற்பதையும், தமிழிற் பெயர் நின்ற இடத்தில் ‘இங்’ நிற்பதையும் கண்டீர்களா?

இதற்கு ஒரு காரணமும் உண்டு. ‘டு’ என்பது அடிப்படையில் ஒன்றை நோக்கிச் செல்லுதலைக் குறிக்கும் சொல். ஆதலால் ‘டு’ பெற்ற வினை பெரும்பாலும் இனி நிகழவேண்டிய செயலை நோக்கி நிற்கும். விரும்புதல், நம்பிக்கை கொள்ளுதல், தீர்மானித்தல், வாக்களித்தல், மறுத்தல் ஆகியவற்றைக் குறிக்கும் ‘வாண்ட்’, ‘ஹோப்’, ‘டிசைட்’, ‘ப்ரொமிஸ்’, ‘ரெஃப்யூஸ்’ என்பன ‘டு’வை நாடுகின்றன. நடந்த அல்லது நடக்கும் செயலைத் தொடும் ‘என்ஜோய்’, ‘ஃபினிஷ்’ போன்றவை ‘இங்’கை நாடுகின்றன. ஆனால் இதனை முழுவிதியாகக் கொள்ளற்க. ‘சஜெஸ்ட்’, ‘அவொய்ட்’ முதலியன வருங்காலச் செயலைச் சுட்டினும் ‘இங்’கையே ஏற்கும். அவற்றை மனத்திற் பதித்தலன்றி வேறு வழியில்லை.

தமிழ் நம்மை ஏமாற்றும் இடங்களும் உண்டு. ‘படித்து முடித்தேன்’ என்கிறோம். அங்கே எச்சம் இருப்பதால் ‘ஃபினிஷ்ட் டு ரீட்’ என எழுதத் தோன்றும். ‘ஃபினிஷ்ட் ரீடிங்’ என்பதே சரி. ‘சாப்பிடாமல்’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அது முன்னிடைச்சொல் பெற்று ‘விதவுட் ஈட்டிங்’ என்றாகும்.

இனி அப்பெண்ணின் வரிக்கு வருவோம். ‘டு வந்தால் வினையின் அடிச்சொல் வரும்’ என்று அவள் பள்ளியிற் கற்றிருப்பாள். அது பொய்யன்று, ஆனால் ‘டு’க்கள் இரண்டு. ஒன்று வினையோடு ஒட்டிய ‘டு’. மற்றொன்று முன்னிடைச்சொல்லாகிய ‘டு’. இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ‘டு’வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபோர்வர்ட் டு யுவர் ரிப்ளை’ என்பது பொருந்துகிறது. ஆகவே அது முன்னிடைச்சொல். பின்வரும் வினை ‘இங்’ பெறும். ‘ஐ வாண்ட் டு யுவர் ரிப்ளை’ என்பது பொருந்தவில்லை. ஆகவே அது வினையின் ‘டு’, அடிச்சொல்லே வரும்.

இச்சோதனை மற்றோர் இடத்திலும் கைகொடுக்கும். லயத்திலிருந்து பள்ளிக்கு நடந்து செல்லும் மாணவன் ‘நடந்து எனக்குப் பழக்கம்’ என்பதை ‘ஐ ஆம் யூஸ்ட் டு வோக்கிங்’ என்பான். அவன் ‘குளிருக்குப் பழகியவன்’ என்பதையும் ‘யூஸ்ட் டு த கோல்ட்’ என்று சொல்லலாம் அல்லவா? ‘முன்பெல்லாம் நடப்பேன், இப்போது பஸ்’ என்பவனோ ‘ஐ யூஸ்ட் டு வோக்’ என்பான்.

மாணவச் செல்வங்களே, ‘அம்மாவிடம் சொல்ல மறந்தேன்’, ‘அம்மாவிடம் சொன்னதை மறந்தேன்’ ஆகிய இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். தமிழில் முதலிற் சொல்லிப் பார்த்த பின் எழுதுங்கள்.

பெரியவரிடம் அவ்வொரு சொல்லைத் திருத்தாமல், பக்கத்தில் ஒரு கோடிட்டு, காரணத்தையும் எழுதிக் கொடுத்தேன். மகளே திருத்தட்டும், பிறகு எவரிடமும் காட்ட வேண்டியிராது. தாளை மீண்டும் உறையிற் சுற்றியவர், “அந்தக் கடைசி வரி என்னாங்க சொல்லுது?” என்று கேட்டார்.

“உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறேன் என்று சொல்கிறது” என்றேன்.

“அது சரிதாங்க. வீட்டுல எல்லாரும் எதிர்பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்” என்று சொல்லிவிட்டு, தூறலில் இறங்கி நடந்தார்.