கையெழுத்து வாங்கிவிட்டால் சட்டம் ஒதுங்கிவிடுமா?

"எல்லாத்துக்கும் சம்மதிச்சுத்தான் சார் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அப்புறம் என்ன?"

தமிழ்நாட்டில் கடை முதலாளிகளிடமும் ஹெச்.ஆர். மேலாளர்களிடமும் பேசிக்கொண்டிருந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். ஆளெடுக்கும் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அதுவே சட்டம் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது. அது தவறு. முதலாளிக்கும் ஆபத்தான தவறு.

அந்தப் படிவம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு துணிக்கடை அலுவலகத்தில் சில காலம் அதை நிரப்பும் வேலையைச் செய்தவன் நான். வேலைக்கு வரும் பெண்ணுக்கு வயது பத்தொன்பதோ இருபதோ இருக்கும். போட்டோ, ஆதார் நகல், அதற்குக் கீழே ஸ்டேப்ளர் அடித்த ஆறேழு தாள்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பேன். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணும்மா." யாரும் படித்ததில்லை; படிக்க நாங்கள் நேரமும் கொடுத்ததில்லை. 'நிர்வாகம் சொல்லும் நேரம்வரை வேலை செய்வேன், ஓவர்டைம் கேட்க மாட்டேன்' என்று நடுவில் ஒரு வரி. கடைசித் தாள், தேதி போடாத ராஜினாமாக் கடிதம்.

முதலில் அந்த ஓவர்டைம் வரியை எடுத்துக்கொள்வோம். சென்னை மாகாணம் 1947இல் இயற்றி, இன்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று வழங்கும் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை வகுத்திருக்கிறது. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். தொழிலாளி எழுதிக் கொடுத்தால் இதை விட்டுவிடலாம் என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஒப்பந்தம் சட்டத்தைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் அது செல்லும், குறைத்தால் செல்லாது. தொழிலாளர் சட்டத்தின் அடிப்படையே இதுதான்.

"வற்புறுத்தவில்லையே, விரும்பித்தானே வந்தார்கள்?" என்பார்கள். இதற்கு உச்ச நீதிமன்றம் 1982இலேயே பதில் சொல்லிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் பற்றிய வழக்கு அது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலைக்கு ஒப்புக்கொள்கிறார் என்றால், அவரைத் தள்ளுவது வறுமையும் பசியும்தான், அதுவும் கட்டாயம்தான், அப்படி வாங்கும் வேலை அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று நீதிபதி பி.என். பகவதி தீர்ப்பெழுதினார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட பெண்களை நினைக்கும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பும் நினைவுக்கு வருகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறும் நிலையில் அவர்களில் எத்தனை பேர் இருந்தார்கள்?

அடுத்து அந்தத் தேதியில்லாத கடிதம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமில்லாமல் நீக்கக் கூடாது, காரணத்தோடு நீக்கினாலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும் என்கிறது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு. ஒழுங்கீனம் என்றால் விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவுசெய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். சேர்ந்த நாளன்றே வாங்கிய ராஜினாமா அங்கே முதலாளியைக் காப்பாற்றாது. அவருடைய உள்நோக்கத்துக்கு அதுவே சாட்சியாக நிற்கும்.

பதவிப் பெயரை மாற்றித் தப்பிக்கும் வழக்கமும் உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்குக் கடைகள் சட்டம் பொருந்தாது என்பதால், பில் போடுகிறவரை 'ஃப்ளோர் மேனேஜர்' ஆக்குவார்கள். நீதிமன்றங்கள் அடையாள அட்டையைப் பார்ப்பதில்லை, அவர் செய்யும் வேலையைப் பார்க்கின்றன.

"காண்ட்ராக்ட்தான், பதினொரு மாதம் முடிந்ததும் பிரேக் கொடுத்துவிடுவோம்" என்பவர்கள், தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைப் படிக்க வேண்டும். அது பொருந்தும் நிறுவனங்களில், 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்கியே தீர வேண்டும். நோய்க்காகவோ அனுமதியோடோ எடுத்த விடுப்பு அந்தத் தொடர்ச்சியை அறுக்காது.

விடுமுறைக்கும் இதே கதைதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாள்களும் சம்பளத்துடன் தர வேண்டும் என்பது 1958ஆம் ஆண்டுச் சட்டம். அன்று வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளமா, மாற்று விடுமுறையா என்று தேர்ந்தெடுப்பது தொழிலாளியின் உரிமை.

சிறு வியாபாரி இவ்வளவையும் தாங்குவாரா என்ற கேள்வி நியாயமானது. வாடகையும் வட்டியும் அவரை நெரிப்பது எனக்குத் தெரியும். ஆனால் சட்டம் கேட்பதில் பாதிக்குப் பெரிய செலவே கிடையாது. 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்பதுதான் அது. அதற்கு ஆகும் செலவு ஒரு ஸ்டூல். காலையிலிருந்து நின்றே புடவை விரித்துக் காட்டி, இரவில் விடுதிப் படியேறும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கும் கால்களைப் பார்த்தவர்கள், அந்த ஸ்டூலைச் செலவுக் கணக்கில் எழுத மாட்டார்கள்.

ஹெச்.ஆர். பணியில் இருக்கும் நண்பர்களே, நாளைக் காலை பைல்களை எடுங்கள். ஓவர்டைம் கேட்க மாட்டேன் என்ற வரியைப் படிவத்திலிருந்து நீக்குங்கள். தேதியில்லாத ராஜினாமாக் கடிதங்களை உருவி, எழுதிக் கொடுத்தவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.