ஜெர்மன் அகராதியில் நம் பெயர்

நான் ஒரு சின்னக் கல்லூரியில் ஜெர்மன் நடத்துகிறேன். சேரியிலிருந்து வந்தவன். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். “உங்க ஆளுங்களுக்கு எதுக்குங்க ஜெர்மன்?” என்று வாய்விட்டே கேட்டவர்கள் உண்டு. என் பதில் இதுதான்: நாங்கள் போவதற்கு முன்பே எங்கள் பெயர் அந்த மொழிக்குள் போய்விட்டது. எங்களைக் கேட்காமல் போனது. அதை வைத்து அங்கே என்ன செய்தார்கள் என்று பார்ப்பது எங்கள் வேலை.

ஜெர்மனில் ‘பாரியா’ என்று ஒரு சொல். சமூகம் ஒதுக்கித் தள்ளியவன் என்று பொருள். உலகம் ஒதுக்கிய நாட்டையும் ‘பாரியா அரசு’ என்பார்கள். பறையர் என்பதுதான் ஐரோப்பிய வாய்களில் நசுங்கிப் பாரியா ஆனது. அகராதியே இதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் நான் பாடம் கேட்ட வகுப்புகளில் இந்த இடம் வந்ததும் ‘அவுட்காஸ்ட்’ என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார்கள். தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு! பறை என்று உச்சரித்தால் நாக்கு தீட்டாகிவிடுமா?

கதேயை எடுத்துக்கொள்வோம். 1824இல் ‘பாரியா’ என்ற தலைப்பில் மூன்று கவிதைகளை வெளியிட்டார். நடுக் கவிதை நம்ம மாரியாத்தா கதைதான். சொன்னெரா என்ற பிரெஞ்சுப் பயணி எழுதிவைத்ததிலிருந்து எடுத்தது. கணவன் பார்ப்பன மனைவியின் தலையை வெட்டுகிறான். மகன் அவசரத்தில் அந்தத் தலையை, தண்டிக்கப்பட்டு வெட்டுண்டு கிடந்த இன்னொருத்தியின் உடலில் ஒட்டிவிடுகிறான். அவள் தெய்வமாகிறாள். கதேயின் பிரதியில் அறிவு தலையில் இருக்கிறது, அடங்காத வெறி உடம்பில் இருக்கிறது. தலை யாருடையது, உடம்பு யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? முதல் கவிதை பாரியாவின் பிரார்த்தனை. கடைசிக் கவிதை பாரியாவின் நன்றி. நமக்காகக் கடவுளிடம் பேசவும் ஒரு பார்ப்பனத் தலை தேவைப்பட்டிருக்கிறது மகாகவிக்கு.

அதே காலத்தில், 1823இல், மிகாயேல் பேர் என்ற யூத எழுத்தாளரின் ‘பாரியா’ நாடகம் பெர்லினில் மேடையேறியது. யூதர்களுக்குச் சம உரிமை மறுத்த சமூகத்தைப் பார்த்து அவர் பாரியா வேஷத்தில் பேசினார். பிறகு மாக்ஸ் வேபர் யூதர்களைப் ‘பாரியா மக்கள்’ என்றார். ஹன்னா ஆரென்ட் 1944இல் அந்தச் சொல்லை எடுத்துக் கலகக்காரனின் பெயராக்கினார். அவர்கள் வலியை நான் குறைத்துப் பேசவில்லை. அது நம் வலிக்கு உறவுதான். ஆனால் உவமை வளர வளர ஆட்கள் காணாமல் போனார்கள். பெயர் ஐரோப்பாவின் அறிவுலகத்தில் சுற்றியது. பெயருக்கு உடையவன் இங்கே செருப்பைக் கையில் பிடித்து நடந்தான்.

ஜெர்மனியில் சிந்தி, ரோமா மக்களைச் ‘சிகாய்னர்’ என்று இழித்து அழைத்தார்கள். நாஜிகள் அம்மக்களை இலட்சக்கணக்கில் கொன்றார்கள். எஞ்சியவர்கள் அமைப்பாகிப் போராடினார்கள். 2020இல் ஒரு பெரிய உணவுக் கம்பெனி தன் சாஸ் பாட்டிலிலிருந்து அந்தப் பெயரை எடுத்தது. சரி. பாரியாவுக்கு மட்டும் ஏன் யாருக்கும் உறுத்தவில்லை? கேட்க ஆள் இல்லை என்று நினைத்தார்களா? இதோ இருக்கிறோம். பறையன் என்ற பெயரை இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் பத்திரிகைக்கே சூட்டினார். அயோத்திதாசர் அது வேண்டாம் என்று தள்ளினார். எடுப்பதும் விடுவதும் நம் உரிமை. இரவல் வாங்கியவன் தீர்மானிக்க முடியாது.

இன்னொன்று. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கில் தொடங்கி, மிஷனரிகள் எழுதிய கடிதங்களும் குறிப்புகளும் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் குவிந்து கிடக்கின்றன. 1733இல் வேளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். தஞ்சைப் பக்கம் ஊர் ஊராக உழைத்த ராஜநாயக்கனுக்கு, பறையர் என்பதால், கொடுக்கவில்லை. நம் பாட்டன்களின் வரலாறு அங்கே ஜெர்மனில் இருக்கிறது. அதை யார் படிப்பது? வெள்ளைக்காரர் படித்துச் சொல்வார், ஆதிக்கசாதிக்காரர் மொழிபெயர்ப்பார், நாம் கைதட்ட வேண்டுமா?

பள்ளியில் அம்பேத்கருக்குச் சமஸ்கிருதம் படிக்க விடவில்லை, பாரசீகம் எடுக்க வைத்தார்கள். அவர் ஜெர்மன் கற்றார். 1921இல் பான் பல்கலைக்கழகத்துக்கு ஜெர்மனிலேயே கடிதம் எழுதி இடம் கேட்டார். கதவைச் சாத்தியவன் முன்னால் அவர் உட்கார்ந்து அழவில்லை.

இன்றும் கல்லூரிச் சேர்க்கையில் என்ன நடக்கிறது? பகுதி ஒன்றில் தமிழுக்குப் பதிலாக ஜெர்மன் எடுக்கலாம். விடுதிப் பிள்ளை வந்து கேட்டால், “ஒனக்கு வராதுப்பா, தமிழ் எடு, பாஸ் பண்ணிட்டுப் போ” என்கிறார்கள். தமிழ்ப் பற்றினால் சொல்வதில்லை. கான்வென்ட் பிள்ளைக்கு இந்த அறிவுரை கிடையாது. எந்த மொழி யாருக்கு என்று பிரிப்பதும் வருணாசிரமம்தான். பெயரை மாற்றி, விண்ணப்பப் படிவத்தில் ஒளிந்திருக்கிறது.

வராது என்று சொல்ல இவர்கள் யார்? மூன்று பாலினம், நான்கு வேற்றுமை, அவ்வளவுதான் ஜெர்மன். வேற்றுமையை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. படியுங்கள் தோழர்களே. நம் பெயர் எழுதியிருக்கிற ஏடுகளை நாமே புரட்டுவோம், திருத்துவோம். அகராதியில் பொருளாகக் கிடந்தது போதும், இனி அகராதி எழுதுகிறவர்களாக இருப்போம்.