பொறுப்பேற்பவர் யார்?

பல்கலைக்கழகம் பாடம் கேட்கும் இடம் மட்டுமன்று. அஃது ஒரு சிற்றூர். விடுதி, சமையற்கூடம், சோதனைச்சாலை யாவும் அங்கே உண்டு. எச்சிற்சோறும் அமிலக் கழிவும் பழுதுற்ற கணிப்பொறிகளும் அங்கே சேர்ந்துகொண்டே இருக்கின்றன. பொறியியற் பகுதியினர் குழாயைப் பார்க்கின்றனர். விடுதிக் காப்பாளர் குப்பையைப் பார்க்கிறார். நிதி அலுவலர் மின்கட்டணத்தைப் பார்க்கிறார். முழுமையும் தம் கடமை எனக் கொள்வார் இல்லையாயின், ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதே மிஞ்சும்.

1990-இல் பிரான்சு நாட்டின் தலுவார் என்னும் ஊரில் 22 பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடிப் பத்து அம்சங்கள் கொண்ட பிரகடனம் ஒன்றை வகுத்தனர். சூழல் காக்கும் நெறியைப் போதித்தால் மட்டும் போதாது, தம் நிறுவனத்திலும் அதனைக் கைக்கொள்ள வேண்டும் என்றது அப்பிரகடனம். நம் நாட்டிலோ 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் கழிவு சேரும் பல்கலைக்கழகங்களைப் பெருமளவிற் கழிவு உண்டாக்குவோர் வரிசையில் வைத்தன. கழிவை வகை பிரித்தல் அவற்றின் கடமையாயிற்று.

இக்கடமை நிறைவேற மூன்று வேண்டும்: துணைவேந்தரிடம் நேரே எடுத்துரைக்கும் உரிமையுள்ள ஓர் அலுவலர்; வரவு செலவுத் திட்டத்தில் தனி ஒதுக்கீடு; நீரையும் மின்சாரத்தையும் கழிவையும் அளந்து ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு. இவையின்றி அமையும் குழு, மரக்கன்று நடும் விழாவோடு நின்றுவிடும்.

வெளியூர்களில் பிள்ளைகளை விடுதியில் சேர்க்கும் நம் பெற்றோர், கட்டணத்தை விசாரிப்பதோடு நில்லாது, "இங்கே நீருக்கும் கழிவுக்கும் பொறுப்பானவர் யார்?" என்றும் கேட்பாராக. விடை கிடைக்குமானால் நன்று. கிடைக்காவிடின், மீண்டும் கேட்பது நம் கடமை.