நெஞ்செரிச்சலும் நாமும்



நெஞ்செரிச்சல் என்றதும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது நம் மதுரை வீடுகளில் வழக்கமாகிவிட்டது. மருத்துவரைக் காணாமலேயே மாதக்கணக்கில் உண்போரும் உளர். இது தகுமா என இம்மாதம் சிந்திப்போம்.

வயிற்றுப் புண் நம் தென்னாட்டிற்குப் பழகிய நோய். 1922, 1924 ஆம் ஆண்டுகளில் எவரெஸ்ட் ஏற முயன்ற ஆங்கில மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூர் மருத்துவமனையில் பல்லாண்டு தங்கி, இந்நோயாளர் பலருக்கு அறுவை செய்தார். மிகுந்த அமிலமே பகை என்பது அக்காலக் கருத்து.

அவ்வமிலம் எவ்வாறு பிறக்கிறது? நம் உயிரணுக்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் மரபணுக்கள் ஒன்றே. கண்ணிலுள்ள அணுவிலும் அமிலம் இறைக்கும் மரபணு உண்டு. ஆயினும் அங்கே அது மூடிய ஏடாகவே கிடக்கிறது. இரைப்பையின் குறிப்பிட்ட அணுக்களில் மட்டுமே, 'கேட்டா' எனும் புரதங்கள் அம்மரபணுவின் தலைவாயிலில் பற்றி நின்று ஏட்டைத் திறக்கின்றன. அதன்படி உருவாகும் புரதங்கள், நம் வயற்காட்டுப் பம்புகள் நீர் இறைப்பதுபோல் அமிலத்தை இறைக்கின்றன. உணவு கண்டதும் காஸ்ட்ரின், ஹிஸ்டமின் என்பவை அவற்றை முடுக்கிவிடுகின்றன.

1982 இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைப் பிரித்தறிந்தனர். 2005 இல் நோபல் பரிசு பெற்றனர். வயிற்றுப் புண்கள் பலவற்றிற்கு அக்கிருமியே வேர். அது தொற்றிய தொடக்கத்தில் அந்த ஏட்டையே மூடச் செய்து, அமிலத்தைக் குறைத்துக் குடியேறவும் வல்லது. பின்னர் சிலரிடம் காஸ்ட்ரினைப் பெருக்கி, அமிலத்தை மிகுவிக்கிறது. எனவே வேர் இருக்க, அமிலத்தை மட்டும் அடக்கிப் பயனென்ன?

ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகள் பம்புகளை அடைத்துவிடுகின்றன. உடலோ வாளாவிருப்பதில்லை. அணுக்கள் மீண்டும் ஏட்டைத் திறந்து புதிய பம்புகளைச் செய்கின்றன, காஸ்ட்ரினும் ஏறுகிறது. நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தினால், சில வாரங்களுக்கு அமிலம் முன்னிலும் மிகுந்து சுரக்கக்கூடும். அவரோ, "மாத்திரையின்றி வாழ இயலாது" என்றெண்ணி மீண்டும் கடைக்கே ஓடுகிறார்.

மருந்து தீயதன்று, புண்ணுற்றோருக்கு அது பேருதவி. ஆனால் தொடங்குவதும், தொடர்வதும், படிப்படியாய்க் குறைப்பதும் மருத்துவர் சொற்படியே நடக்கட்டும். கிருமி உண்டா என்று சோதித்தறிவோம். கரிய மலம், இரத்த வாந்தி, காரணமற்ற மெலிவு, விழுங்க இயலாமை ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதியோம். இல்லத்துப் பெரியவர் ஓசையின்றி விழுங்கும் மாத்திரை எதுவென, இன்றே அன்புடன் கேட்டறிவோமாக.