வழக்கை மறைக்காதீர்கள், விதியை எதிர்த்துப் பேசுங்கள்

எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வு எல்லாம் தாண்டி வந்த சேரிப் பிள்ளைகளைக் கடைசியில் ஒரு படிவம் நிறுத்திவிடுகிறது. உங்கள் மீது குற்ற வழக்கு பதிவானதுண்டா என்று அது கேட்கிறது. நாம் வன்கொடுமைப் புகார் கொடுத்தால், நம் இளைஞர்கள் மீதே எதிர் வழக்கு போடப்படுவதை ஊர் ஊராகப் பார்த்து வருகிறோம். அந்த வழக்குதான் சில ஆண்டுகள் கழித்துப் படிவத்தில் வந்து நிற்கிறது.

பயத்தில் பலர் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். தோழர்களே, அதைச் செய்யாதீர்கள். பொய் வழக்கைக் கூட எதிர்த்து வாதாடலாம். நாமே எழுதிய பொய்யை எதிர்த்து வாதாடுவது கடினம். காவல்துறை சரிபார்க்கும்போது வழக்கு எப்படியும் தெரிந்துவிடும். பிறகு வழக்கு பொய்யா மெய்யா என்ற பேச்சே எழாது, மறைத்தவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு வரையறை சொன்னது. இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால், நியமன அதிகாரி அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். தன் மீது வழக்கு இருப்பதே தெரியாதவரை மறைத்தவர் என்று சொல்ல முடியாது. ஆனால் உண்மையை எழுதினாலும் வேலை உறுதியில்லை. முன்வரலாற்றைப் பரிசீலிக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

பரிசீலிக்கட்டும், நாம் மறுக்கவில்லை. கொடுங்குற்றம் செய்தவர் கையில் லத்தி கொடுக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. நம் சண்டை பரிசீலிக்காமலே கதவை மூடும் விதியோடுதான்.

தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளைப் படித்துப் பாருங்கள். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் விடுதலையானவரும் 'குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்' என்றே கருதப்படுவர். சரிபார்ப்பின்போது வழக்கு நிலுவையில் இருந்து, பின்னர் கௌரவமாக விடுதலையானாலும், அடுத்த தேர்வில்தான் உரிமை கோரலாம். அதற்குள் வயது வரம்பு தாண்டினால் கனவு முடிந்தது. இந்த விதியைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் செல்லும் என்றது. 'கௌரவ விடுதலை' என்ற சொல்லோ குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே கிடையாது. இதை உச்ச நீதிமன்றமே சமுத்திரம் வழக்கில் சொல்லியிருக்கிறது.

இது நம்மை எப்படி அடிக்கிறது? ஊரில் 'சமாதானம்' பேசுகிறார்கள். நம் வன்கொடுமை வழக்கைக் கைவிட வைக்கிறார்கள். பதிலுக்கு எதிர் வழக்கின் புகார்தாரர் பிறழ் சாட்சி ஆகிறார். நம் பிள்ளை விடுதலையாகிறான். ஆனால் அந்த விடுதலையே அவன் வேலையைப் பறிக்கிறது. நீதியும் போச்சு, வேலையும் போச்சு.

நாம் கேட்பது இரண்டு. விடுதலை என்றால் விடுதலை என்று விதி திருத்தப்பட வேண்டும். வன்கொடுமைப் புகாரைத் தொடர்ந்து போடப்பட்ட எதிர் வழக்குகளை அதன் பின்னணியோடு சேர்த்துப் பரிசீலிக்க வேண்டும்.

அதுவரை, போராட்டத்துக்குப் போகும் மாணவர்களே, உங்கள் மீது வழக்கு இருக்கிறதா என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கை, தீர்ப்பு நகல்களை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சமாதானப் பேச்சில் கையெழுத்திடும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். படிவத்தில் 'ஆம்' என்று எழுதி, நகல்களை இணையுங்கள். வேலை மறுக்கப்பட்டால் வழக்குத் தொடுக்க நமக்கிருக்கும் பிடிமானம் அந்த 'ஆம்'தான்.