வட்டம் ஏன் கிண்ணமாச்சு?

நம்ம அரியலூர் பக்கம் வாரணவாசி மியூசியத்துல அம்மோனைட் பார்த்திருக்கீங்களா? நடுப்புள்ளியில ஆரம்பிச்சு, சுத்திச் சுத்தி வளர்ந்து கல்லாகிப்போன கடல் ஓடு. குரோஷாவுல வட்டம் பின்னுறதும் கிட்டத்தட்ட அதே டெக்னிக்தான். கணக்குதான் பல பேருக்கு இடிக்குது!

அக்கா குழந்தைக்குக் குல்லா பின்ன உட்கார்ந்தா ஒரு ஹாஸ்டல் தோழி. நாலாவது சுத்துலயே கவிழ்த்து வெச்ச கிண்ணம். சாத்துக்குடிக்கு மாட்டலாம்! இன்னொருத்தி போட்ட டேபிள் மேட், பொரிச்ச அப்பளம் மாதிரி நெளியுது. ரெண்டு பேரும் திட்டுறது நூலை. பாவம் நூல்!

மேட்டர் ஸ்கூல்ல படிச்ச 2πr-தான். ஒவ்வொரு சுத்துக்கும் வட்டத்தோட ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடும். அப்போ சுற்றளவு அதைப்போல 6.28 மடங்கு கூடியாகணும். சிங்கிள் குரோஷா கண்ணிக்கு உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒண்ணு. அதனாலதான் சுத்துக்கு ஆறு இடத்துல, ஒரே கண்ணிக்குள்ள ரெண்டு போடுறோம். 6, 12, 18, 24... இப்படிப் போகணும். டபுள் குரோஷா உயரம் ஜாஸ்தி, அதுக்கு 12. குறைஞ்சா கிண்ணம், கூடினா அப்பளம்.

எண்ணிக்கை சரி, அப்பவும் கவிழுதா? உங்க கை இறுக்கம். 3.5 மி.மீ. ஊசியைத் தூக்கிவெச்சுட்டு 4 எடுங்க. சுத்தோட முதல் கண்ணியில ஒரு ஊக்கு மாட்டுங்க. நடுவுல போன் வந்தா எண்ணிக்கை மறக்கும், ஊக்கு மறக்காது. வட்டம் அறுகோணமா மாறினா, கூட்டுற இடங்கள் ஒண்ணு மேல ஒண்ணா விழுதுன்னு அர்த்தம். அடுத்த சுத்துல கொஞ்சம் தள்ளிப் போடுங்க.

குல்லாவுக்கு வருவோம். மூணு மாசக் குழந்தைக்குத் தலைச் சுற்றளவு சுமார் 40 செ.மீ. அதை 3.14-ஆல வகுத்தா 12.7. நூல் இழுபடும், அதனால 12 செ.மீ. வரைக்கும் தட்டையா பின்னினா போதும். அப்புறம் கூட்டாம சுத்துங்க, தானா கீழ இறங்கும். தோழி மூணு சுத்து மட்டும் பிரிச்சா போதும், மொத்தமும் வேண்டாம்.

அப்பளத்தைப் பிரிக்கவே வேண்டாம்! 1997-ல அமெரிக்காவோட கார்னெல் யுனிவர்சிட்டியில டைனா டைமினா, வேணும்னே சீரான விகிதத்துல கண்ணிகளைக் கூட்டி, ஹைப்பர்போலிக் பரப்பைக் கையில பிடிச்சுப் பார்க்குற மாதிரி பின்னிக் காட்டினாங்க. ஜியாமெட்ரி வகுப்புக்கே போன அப்பளம் அது.

ஒண்ணே ஒண்ணு. நடு ஓட்டையை இழுத்து மூடினதும் வால் நூலை வெட்டிடாதீங்க. மொட்டை ஊசியில கோத்து ஒருதரம் வலமா, ஒருதரம் இடமா உள்ள செருகுங்க. பச்சைக் குழந்தை விரல்ல தொங்குற நூல் சுத்திக்கிட்டா ரத்த ஓட்டமே நின்னுடும்.